இலை பறவையாகும் விந்தை

டெலிவிஷனில் ஒரு விளம்பரம். பச்சை இலை ஒன்று காற்றில் மிதந்து வருகிறது. பார்த்துக் கொண்டிருக்கும்போதே பறவையாகிச் சிறகடித்துப் பறந்து விடுகிறது. "அது எப்படி அப்பா?" என்று குழந்தை கேட்கிறது. அப்பாவுக்கு அந்த நிமிஷத்தில்தான் பத்திரிகையில் அவசரமாகப் படிக்க ஏதோ அகப்படுகிறது! அத்தகைய அப்பாக்களின் கௌரவத்தைக் காப்பாற்றவே இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டரில் படங்கள் இரண்டு வகை. ஒன்று, புகைப்படத்தைப் போல லட்சக்கணக்கான வண்ணப் பொட்டுகளால் ஆனது. பெரிதாக்கினால் பொட்டுகள் பல்லிளிக்கும். மற்றது 'வெக்டார்' படம். சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், கோடு எந்தப் பக்கம் எவ்வளவு வளைய வேண்டுமென்ற கணக்கு - அவ்வளவுதான்! நம் வாசல் கோலத்தைப் போல, கணக்குத் தெரிந்தால் சின்ன நடையிலும் போடலாம். தேரோடும் வீதியிலும் போடலாம்.

இந்த வளைவுக் கணக்கு பிறந்தது சித்திரசாலையில் அல்ல. பிரான்ஸ் தேசத்து மோட்டார்க் கம்பெனிகளில். 1959-ல் சித்ரோயன் கம்பெனியில் போல் த காஸ்தெல்ஜோ என்ற கணித நிபுணர் இதைக் கண்டார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக் கொண்டது. ரெனோ கம்பெனி என்ஜினீயர் பியேர் பெஸியே, 1960-களில் தம் வழியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார், உலகறிய எழுதினார். 'பெஸியே வளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இவ்வளைவுகளைக் கொண்டு படம் வரைய, அடோபி கம்பெனியின் 'இல்லஸ்ட்ரேட்டர்' 1987-ல் வந்தது. படங்களை ஆட்டி வைக்க 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்' 1993-ல் வந்தது. ஆனால் ஒரு தொல்லை. முன்னதில் வரைந்த இலையைப் பின்னதில் கொண்டு வந்தால் நகர்த்தலாம், சுழற்றலாம், பெரிதாக்கலாம். நுனிப் புள்ளியை மட்டும் தொட முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மைதான்! நுனி மெல்ல வளைய வேண்டுமென்றால் படிப்படியாகப் பல படங்கள் வரைய வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு கோடாகப் பெயர்த்து வந்து ஒட்ட வேண்டும். "இலை இன்னும் கொஞ்சம் ஒல்லியாக இருக்கட்டுமே" என்று விளம்பரம் கொடுத்தவர் கடைசி நாளில் சொன்னால், பாவம், அந்தக் கலைஞருக்கு அன்று சிவராத்திரி!

2007-ல் 'ஷேப் லேயர்' வந்தது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள்ளேயே வரையலாம். எந்தப் புள்ளியையும் எப்போதும் இழுத்துத் திருத்தலாம். கோடு தன்னைத் தானே வரைந்து கொள்ளும். ஓர் இதழ் வரைந்தால் சுற்றிச் சுற்றி வந்து பூவாகும். 2012-ல் வெளிவந்த பதிப்பில், இல்லஸ்ட்ரேட்டர் படத்தை ஒரே கட்டளையில் ஷேப் லேயராக மாற்றும் வசதியும் வந்தது. கண்ணாடிப் பெட்டி திறந்துவிட்டது!

வரத்துக்கு நிபந்தனை உண்டல்லவா? ஒரு வண்ணம் இன்னொன்றில் கரையும் சாயல்கள் அப்போதைய மாற்றத்தில் தப்பிப் பிழைக்கவில்லை. மேலும், இலை ஒழுங்காகப் பறவையாக வேண்டுமானால் இரண்டிலும் புள்ளிகள் ஒரே எண்ணிக்கையில் இருப்பது நல்லது. முதற்புள்ளியும் பொருந்தி வர வேண்டும். பொருந்தாவிட்டால் நடுவழியில் உருவம் பிழிந்த துணியாய் முறுக்கிக் கொள்ளும். ஆகவே கைதேர்ந்தவர்கள் புள்ளி வைப்பதில் மகா சிக்கனம்!

அசைய வேண்டிய உருவத்துக்கு மூட்டுகள் வேண்டும். இந்த உண்மை கம்ப்யூட்டருக்கும் முந்தியது. ஜெர்மனியில் லாட்டே ரைனிகர் என்ற பெண்மணி, கறுப்பு அட்டையில் உருவங்களைக் கத்தரித்து, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடித்தார். மூன்று வருஷ உழைப்பில் 1926-ல் 'இளவரசர் அகமதுவின் சாகசங்கள்' முழுநீளப் படமாக வெளிவந்தது.

ஷேப் லேயர் சித்திரங்களைப் பொட்டுகளாக்காமல், புள்ளிக் கணக்காகவே கைப்பேசிக்கு அனுப்பும் முறை ஒன்றை ஏர்பிஎன்பி கம்பெனி 2017-ல் வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் 'லாட்டி'. அந்த அம்மையாரின் நினைவாகத்தான்!