வலிப்பு நோயும் எண்ணெய் தேய்த்து உருவுதலும்

புத்தளம் களப்புக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலமே கற்பிட்டிக் குடாநாடு. பாலாவியிற் பிரியும் வீதி தென்னந்தோப்புகளையும் தோட்டங்களையும் கடந்து, ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை இருக்கும் கற்பிட்டி நகரைச் சென்றடைகின்றது. அதற்கு அப்பால் உச்சமுனை, பத்தலங்குண்டு முதலிய தீவுகள் உள்ளன. கடற்றொழிலும் தோட்டச் செய்கையுமே இப்பகுதி மக்களின் முக்கிய சீவனோபாயங்கள். வலை இழுத்துக் களைத்த தோளுக்கும், நீர் இறைத்து நொந்த இடுப்புக்கும் தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து உருவிவிடுதல் இத்தகைய கரையோர ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். பிரசவித்த தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் கூட எண்ணெய் தேய்க்கும் கைகளே முதல் வைத்தியம் செய்கின்றன.

ஆகவே, வீட்டில் ஒருவருக்கு வலிப்பு நோய் கண்டால், அதே எண்ணெயையும் அதே கைகளையும் உறவினர் நாடுவது இயல்பே. உருவுதலால் வலிப்பு நிற்குமா, நிற்காதாயின் அதனால் வேறு பயன் உண்டா, தீங்கு நேருமா என்னும் வினாக்கள் இங்கேதான் எழுகின்றன. இவற்றுக்குத் தெளிவான விடை காண்பது அவசியம். ஏனெனில், உருவுதலை நம்பிக் குளிசையை நிறுத்திவிடும் நோயாளி தம் உயிரையே பணயமாக வைக்கின்றார்.

வலிப்பு மனிதகுலம் நெடுங்காலமாக அறிந்த நோய். ஆயுர்வேத நூல்கள் இதனை அபஸ்மாரம் என்கின்றன. தமிழில் இதற்கு முயலகன் என்றொரு பழம்பெயர் உண்டு. கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகளைப் பீடித்திருந்த முயலகன் என்னும் பிணியைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் எனப் பெரியபுராணம் கூறும். நடராசப் பெருமானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் உருவத்துக்கும் அதுவே பெயர். காக்காய் வலிப்பு என்று பேச்சு வழக்கில் வழங்குவது கால் கை வலிப்பு என்பதன் திரிபே. காகத்துக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்புமில்லை.

இது பேயினாலோ தெய்வ கோபத்தினாலோ வருவதன்று, மூளையிலிருந்து எழும் நோயே என்று கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீசின் மரபைச் சேர்ந்த நூலொன்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே வாதிட்டது. யுனானி வைத்தியத்தின் பேராசானாகிய இப்னு சீனாவும் பதினோராம் நூற்றாண்டில் இதனை மூளையைச் சார்ந்த நோயாகவே ஆராய்ந்தார். 1929ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையை வெளியிட்டபின், அவ்வுண்மை கண்ணாற் காணக்கூடியதாயிற்று.

மூளையின் நரம்புக் கலங்கள் நுண்ணிய மின்சார அசைவுகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சாதாரண வேளையில் இவ்வசைவுகள் ஓர் ஒழுங்கில் நிகழும். சில வேளைகளில் பெருந்தொகையான கலங்கள் ஒரேயடியாக, கட்டுமீறி, மின்னசைவை எழுப்புகின்றன. அந்தக் கொந்தளிப்பே வலிப்பாக வெளிப்படுகின்றது. சிலர் நினைவிழந்து விழுந்து கை கால் வெட்டுவர். சிலர் விழாமலே சில நொடிகள் வெறித்துப் பார்த்து நிற்பர். சிலருக்கு ஒரு கை மாத்திரம் துடிக்கும். பிறக்கும்போது மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு, தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பாரிசவாதம், பரம்பரை ஆகியன இதன் காரணங்களுட் சில. காரணம் புலப்படாத நோயாளரும் அநேகர். ஆனால், இது ஒருபோதும் தொற்றுநோய் அன்று. வாயில் வரும் நுரையைத் தொட்டாலும் எவருக்கும் வலிப்பு ஒட்டாது.

உலகில் ஏறக்குறைய ஐந்து கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. தக்க முறையில் நோயை அறிந்து சிகிச்சை அளித்தால், அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பு வராமல் வாழ முடியும் என்றும் அது கூறுகின்றது. 1912இல் பீனோபாபிற்றோன், 1938இல் பெனிற்றோயின் எனத் தொடங்கிய மருந்துகளின் வரிசை இன்று நன்கு நீண்டுவிட்டது. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது. இம்மருந்துகள் நோயின் மூலத்தை வேரோடு பிடுங்குவனவல்ல. மூளையின் மின் கொந்தளிப்பை நாள்தோறும் அடக்கி வைப்பன. ஆகவே ஒரு நாள் தவறினாலும் அந்தக் கட்டுத் தளர்கின்றது. திடீரென முற்றாக நிறுத்தினாலோ, ஒன்றன்பின் ஒன்றாக நில்லாது தொடரும் வலிப்பு உண்டாகி மரணமும் நேரலாம். குறைப்பதோ நிறுத்துவதோ வைத்தியரின் சொற்படி, சிறிது சிறிதாகவே நிகழவேண்டும்.

இனி, உருவுதலின் பயனை நோக்குவோம். மென்மையாக எண்ணெய் தேய்த்து உருவும்போது இறுகிய தசைகள் தளர்கின்றன, மூச்சு நிதானமடைகின்றது, மனத்தின் பரபரப்புத் தணிந்து உறக்கம் வருகின்றது. வலிப்பு நோயாளர் பலருக்கு மனவுளைச்சலும் உறக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும் காரணங்களாக அமைவதால், இப்பயன் சிறிதன்று. வலிப்பு வந்து போனபின் உடலெங்கும் தோன்றும் தசைநோவுக்கும் மெல்லிய உருவுதல் இதமளிக்கும். எப்போது விழுவோமோ என்று தம் உடலையே நம்ப அஞ்சும் ஒருவருக்கு, அவ்வுடல் அமைதியாகவும் இருக்கக்கூடியது என்ற உணர்வை அது மீட்டுக் கொடுக்கின்றது.

ஆயினும், உருவுதல் வலிப்பை நிறுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ரிம் பெற்ஸ் என்னும் மனநோய் வைத்தியர் நறுமண எண்ணெய்களைப் பயன்படுத்திச் செய்த ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. நோயாளர் சிலருக்கு வலிப்புக் குறைந்ததாக அதிற் கூறப்பட்டது. ஆனால், பயன் எண்ணெயினால் வந்ததா, மனவமைதியினால் வந்ததா என்று பிரித்தறிவதற்கு வேண்டிய ஒப்பீடு அதில் இருக்கவில்லை. அந்நோயாளர் மருந்துகளுக்கும் கட்டுப்படாத வலிப்பு உடையோர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே, உருவுதல் மருந்துக்குத் துணையாகலாம். மருந்தின் இடத்தை அது பெறமுடியாது.

துணையாகக் கொள்ளும்போதும் சில எச்சரிக்கைகள் உள. முதலாவது, எண்ணெயைப் பற்றியது. வெறும் தேங்காயெண்ணெயாலோ நல்லெண்ணெயாலோ வலிப்புக்குத் தீங்கில்லை. ஆனால், தடிமனுக்கு மார்பிற் பூசுவதற்காக எண்ணெயிற் கற்பூரம் கரைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளிற் சாதாரணம். கற்பூரம் மூளையைத் தூண்டி வலிப்பை உண்டாக்கவல்ல பொருள். வயிற்றினுட் சென்றால் மிகவும் அபாயம். தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் அது உடலிற் சேரும். யூக்கலிப்டஸ் தைலமும் ரோஸ்மேரி எண்ணெயும் இத்தகையனவே. வலிப்புள்ளவருக்கு, விசேடமாகக் குழந்தைகளுக்கு, இவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

இரண்டாவது, அழுத்தத்தைப் பற்றியது. பெனிற்றோயின், பீனோபாபிற்றோன் போன்ற மருந்துகளை ஆண்டுக்கணக்காக உட்கொள்வோரின் எலும்புகள் வலுக்குன்றக்கூடும். வல்புரோயேற் என்னும் மருந்து சிலருக்குக் குருதி உறைவதற்கு உதவும் நுண்தட்டுகளைக் குறைப்பதால், சிறு அழுத்தத்துக்கும் உடல் கன்றிப்போகும். இவர்களை முழங்கையால் அழுத்துவதும், மிதித்து உருவுவதும், மூட்டுகளை முறுக்கிச் சொடுக்குவதும் தகா. கழுத்தின் பக்கங்களில் ஓடும் பெருநாடிகளை எவருக்கும் அழுத்தலாகாது. வலிப்பில் விழுந்தெழுந்தவருக்குத் தோள்மூட்டு விலகியோ எலும்பு வெடித்தோ இருக்கலாம். குறித்த ஓரிடத்திற் கடுநோவோ வீக்கமோ இருப்பின் உருவத் தொடங்காது வைத்தியரிடம் காட்டவேண்டும்.

மூன்றாவது, வலிப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும் வேளையைப் பற்றியது. அப்போது உருவுதலுக்கு இடமேயில்லை. வெட்டும் கை கால்களை அமுக்கிப் பிடித்தால் வலிப்பு நிற்காது, எலும்பே முறியும். கையில் இரும்புத் திறப்பைக் கொடுப்பதாற் பயனில்லை. வாயினுள் கரண்டியோ துணியோ விரலோ செலுத்தினால் பல் உடையும், மூச்சும் அடைபடும். செய்யவேண்டியன எளியவை. அருகிலுள்ள கூரிய பொருட்களை அகற்றி, தலையின்கீழ் மடித்த துணி வைத்து, கழுத்து உடையைத் தளர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். வெட்டு நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தினால் உமிழ்நீர் வெளியே வழிந்து மூச்சு இலகுவாகும். முழு நினைவு திரும்பும்வரை குடிக்கவோ தின்னவோ கொடுக்கலாகாது. வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்கலாம்.

கற்பிட்டி போன்ற நீர் சூழ்ந்த ஊருக்கு மேலும் ஒரு கவலை உண்டு. வலிப்பு நோயாளர் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் ஏனையோரிலும் 15 முதல் 19 மடங்கு அதிகம் என 2008இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று கண்டது. வலிப்புக் கட்டுப்படாதவர் தனியே தோணியிற் செல்வதும், களப்பில் இறங்கி வலை வீசுவதும், கட்டில்லாத கிணற்றருகே குளிப்பதும் உயிராபத்தானவை. இரவு முழுதும் கடலில் விழித்திருப்பதே வலிப்பைத் தூண்டும். ஆயினும் தொழிலின்றி வீட்டில் முடக்கிவிடுதல் இதற்குப் பரிகாரமாகாது. கரையில் வலை பொத்துதல், மீன் தரம் பிரித்தல், தோட்டவேலை ஆகியவற்றை அவர் செய்யலாம். தீவுகளில் வாடி அமைத்துத் தங்குவோர் ஓரிரு நாட்களுக்கு மேலதிகமாகவே குளிசைகளைக் கொண்டுசெல்ல வேண்டும். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் மருந்தும் முடிந்துவிடலாகாது. நோன்பு மாதத்தில் உணவு வேளையும் உறக்கமும் மாறுவதால், நோன்பு நோற்க விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியரைக் கண்டு மருந்து வேளைகளை ஒழுங்கு செய்துகொள்ளுதல் நன்று.

எனினும், வலிப்பு நோயாளரை அதிகம் வாட்டுவது பல வேளைகளில் நோயன்று, பிறர் விலகிச் செல்வதே. பாடசாலையில் அருகில் அமர அஞ்சுவோர், வீதியில் விழுந்தவரைத் தொடாது சுற்றி நின்று பார்ப்போர், திருமணப் பேச்சில் நோயை மறைப்போர் என இவ்விலகல் பல வடிவுகொள்ளும். இந்தியாவிற் கூட, வலிப்பு நோயைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கும் ஏற்பாடு 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே சட்டத்திலிருந்து நீங்கியது. தொடுவதற்கு அஞ்சும் உலகில், தாயோ சகோதரனோ அச்சமின்றி எண்ணெய் தேய்த்துவிடும் கை அந்நோயாளருக்கு மிகப் பெரிய ஆறுதல். அந்தக் கைக்கு வலிப்பைத் தீர்க்கும் வல்லமையைக் கற்பிக்க வேண்டியதில்லை. அது தரும் அமைதியே போதிய பயனாகும். மாலையில் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் அதே கை, இரவில் வேளை தவறாது குளிசையையும் எடுத்துக் கொடுக்குமாயின், அவ்வீட்டில் நோயாளர் அமைதியாக உறங்கலாம்.