வன அலுவலரும் நமது நிலமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து அங்கத்தினர் பலருக்கு இன்று ஒரே கவலை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியதன்பின் இவ்வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகின. பிள்ளைகள் அங்கு வேலைக்குச் சென்றனர். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. நிலத்தைத் தரிசாக விட மனமின்றி, மரம் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் எந்த மரம் என்பதை முதலில் விசாரித்தறிதல் அவசியம். இதில் நமக்கு உதவக்கூடியவர் வனத்துறையின் விரிவாக்க அலுவலர்.

அவருடைய பணி காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. சர்க்கார் காட்டைக் காப்பவர் என்றே முற்காலத்தில் குடியானவர் அவரை அறிந்திருந்தனர். 1981-இல் ஸ்வீடன் நாட்டு உதவியுடன் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது அவர் கிராமங்களுக்கு வந்து, ஏரி உள்வாய்களில் கருவேலம் வளர்த்தார். பின்னர் தனியார் நிலங்களில் மரம் வளர்க்கும் திட்டம் வந்தது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த விழைகிறது. காட்டு நிலம் மட்டும் அதற்குப் போதாது. ஆகவே நம் வயலில் அவர் உத்தரவிடுபவர் அல்லர், யோசனை சொல்பவர். முடிவு நம்முடையது, இலாப நஷ்டமும் நம்முடையதே.

யோசனை ஏன் வேண்டும்? சவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். கம்புக்கும் விறகுக்கும் காகித ஆலைக்கும் உதவும். அதன் வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். ஆனால் நீர் தேங்கும் களிமண் அதற்கு ஆகாது. தேக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கச் செய்யும். அதற்குள் பாகப்பிரிவினையோ விற்பனையோ நேரலாம். சந்தனத்தை நிலவுடைமையாளர் வளர்த்துப் பயனடைய 2002-இல் சட்டம் திருத்தப்பட்டது. எனினும் அது பிற செடிகளின் வேரை ஒட்டி வாழும் மரம்; துணைச்செடியின்றித் தழைக்காது; வெட்டவும் விற்கவும் வனத்துறை விதிகள் உண்டு; திருட்டுப் பயமும் உண்டு.

ஆதலால் அலுவலரிடம் கன்று மட்டும் கேட்டு வருதல் போதாது. நம் மண்ணுக்கு ஏற்ற மரம் எது, எத்தனை ஆண்டில் பணமாகும், வெட்டவும் வெளியே கொண்டுபோகவும் அனுமதி வேண்டுமா என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

விலையை நிர்ணயிப்பது அவர் வேலையன்று. அது நம் கடமை. ஒற்றை ஏக்கர்க்காரர் வியாபாரி சொன்ன விலைக்கு இணங்க நேரிடும். பத்துப் பேர் ஒரே பருவத்தில் நட்டு, ஒரே சமயத்தில் வெட்டி, சங்கத்தின் மூலம் விற்றால் பேரம் நம் கையில் இருக்கும். மரம் வைக்க எண்ணும் அங்கத்தினர்கள், கன்று வாங்குமுன் சங்கத்தில் கலந்து பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.