குழந்தைக்கு ஆட்டிசமா? பெர்சனல் லோன் எடுக்கறதுக்கு முன்னாடி இந்த 4 விஷயம்

ரெண்டு வயசாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டா குழந்தை திரும்பிப் பார்க்கலைன்னு டாக்டர்கிட்ட போறீங்க. ஆட்டிசம்னு சொல்றார். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபின்னு பல வருஷம் ஓடுற செலவு இது. லோன் போட்டா தாங்காது.

1. அரசு மையம்: மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பரிசோதனை, தெரபி ரெண்டும் இலவசம். சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டில் மத்திய அரசின் என்.ஐ.இ.பி.எம்.டி. இருக்கு. சான்றிதழ் வரட்டும்னு தெரபியைத் தள்ளிப்போடாதீங்க.

2. யு.டி.ஐ.டி. கார்டு: மாற்றுத்திறன் சான்றிதழுக்கும் இதுக்கும் ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது இருக்கணும்.

3. நிராமயா: நேஷனல் டிரஸ்ட்டின் மருத்துவக் காப்பீடு. வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிக்கும் கிடைக்கும், ஆனா அதுக்குத் தனி உச்சவரம்பு உண்டு.

4. 80டிடி: செலவு எவ்வளவா இருந்தாலும் 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதம், அதுக்கு மேலன்னா 1,25,000. 30 சதவீத ஸ்லாபில் 75,000க்கு 23,400 ரூபாய் வரி மிச்சம். ஆனா பழைய வரி முறையில் மட்டும்தான். ரெண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

"ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்"னு சொந்தக்காரங்க சொல்வாங்க. அதை நம்பி ஒரு வருஷம் விட்டா, அந்த வருஷத்தை எந்த எஸ்.ஐ.பி.யும் திருப்பித் தராது. இந்த வாரமே அந்த மையத்துக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க.