அடுக்களைச் சாமான்களும் ஆடம்பரக் கடனும்

நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் மகளுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று கூறிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் விடைபெறுகின்றனர். கேட்பதற்கு இனிமையான சொல்தான். ஆயின் அன்றிரவே பெண்ணைப் பெற்றவர் காகிதமும் பேனாவுமாக உட்காருகின்றார். கட்டில், பீரோ, மிக்ஸி, கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், மைக்ரோவேவ் அடுப்பு எனப் பட்டியல் நீளுகின்றது. எதிர்வீட்டுக் குமருக்கு இரட்டைக் கதவுப் பெட்டி போயிற்று. நம் பிள்ளைக்கு ஒற்றைக் கதவு என்றால் நாலுபேர் என்ன சொல்வார்கள்? பட்டியலின் அடியில் கூட்டுத்தொகையை எழுதியபின் அவருக்கு உறக்கம் வருவதில்லை.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! இக்காட்சி நம்மில் எவருக்கும் புதியதன்று. இன்று நாம் சிந்திக்க வேண்டியது அந்தக் கூட்டுத்தொகையைப் பற்றித்தான்.

விலை ஏறுவது ஏன்?

குளிர்சாதனப் பெட்டி என்பது செம்புக் குழாய், எஃகுத் தகடு, பிளாஸ்டிக், கம்ப்ரஸர் ஆகியவை சேர்ந்த ஒரு பொருள். இவற்றில் பல பாகங்கள் வெளிநாடுகளிலிருந்து வருபவை. ஆகவே ரூபாயின் மதிப்பு இறங்கினால் கடை விலை ஏறும். 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 55 ரூபாய். 2022 இறுதியிலோ 82 ரூபாய்க்கும் மேல். 2021இல் கப்பல் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது. மின்னணுச் சில்லுகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. வரியும் தன் பங்கைச் செய்தது. 2017 ஜூலையில் குளிர்சாதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் 28 சதவிகிதமாக விதிக்கப்பட்ட சரக்கு சேவை வரி, 2018 ஜூலையில் 18 சதவிகிதமாகக் குறைந்தது. நம் வீட்டு இட்லி மாவை அரைக்கும் கிரைண்டருக்கோ 2022 ஜூலையில் வரி 5 சதவிகிதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தது.

இவையெல்லாம் நம் கையில் இல்லாதவை. ஆனால் ஒன்று நம் கையில் உள்ளது. வரி குறைந்தபோது நம் செலவு குறைந்ததா? இல்லை, இன்னும் பெரிய பெட்டியை வாங்கினோம். பொருளின் விலையைவிடப் பட்டியலின் நீளமே விரைவாக வளர்ந்திருக்கின்றது. எவர்சில்வர்ப் பாத்திரங்களோடு ஒரு தலைமுறைக்கு முன் நிறைவுற்ற சீர், இன்று சரக்கு வண்டியில் ஏறி வருகின்றது.

வசதி ஹராமா?

அவ்வாறு எவரும் கூறவில்லை. அல்லாஹ் தன் அடியார்களுக்கு அளித்த அழகையும் நல்லவற்றையும் தடை செய்தவர் யார் என்று திருமறையே கேட்கின்றது (7:32). ஆனால் அதற்கு முந்தைய வசனம் வீண்விரயத்தைக் கண்டிக்கின்றது (7:31). வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்று பிறிதோர் இடம் எச்சரிக்கின்றது (17:27). அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்களின் தோளை வாட்டிய காலம் ஒன்று உண்டு. அச்சுமையை இறக்கிய மிக்ஸியும் கிரைண்டரும் ஆடம்பரம் அல்ல. 2011இல் தமிழக அரசே இவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியது. உழைப்பைக் குறைக்கும் பொருள் ஒன்று. ஊரார் காண்பதற்காக வாங்கும் பொருள் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அறிவுடைமை.

பாத்திமா நாயகியின் சீர்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்களை அலீ (ரலி) அவர்களுக்கு மணமுடித்து அனுப்பியபோது கூட அனுப்பியவை எவை? ஒரு போர்வை, ஈச்சநார் திணித்த தோல் தலையணை, தண்ணீர்த் தோற்பை, இரு மண்பாண்டங்கள், திருகைக் கற்கள். இவ்வளவே என ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. மணமகனாரோ தம் போர்க்கவசத்தை மஹராக அளித்தார்கள்.

அத்திருகையைச் சுற்றிச் சுற்றி அம்மையாரின் கை காய்த்துப் போயிற்று. பணியாள் ஒருவரைக் கேட்டுத் தந்தையிடம் சென்றார்கள். திண்ணைத் தோழர்கள் பசித்திருக்க, தம் மகளுக்குப் பணியாளை அளிக்க நாயகம் (ஸல்) அவர்கள் இசையவில்லை. உறங்கச் செல்லும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதுமாறு கற்பித்தார்கள். தந்தையின் அன்பு குறைவா? அன்று. ஊரின் பசியையும் மகளின் வசதியையும் ஒரே தராசில் நிறுத்திய அன்பு அது.

தவணை என்னும் வலை

கையில் பணம் இல்லாதபோது கடைக்காரர் "வட்டியில்லாத் தவணை" என்கின்றார். 36,000 ரூபாய்ப் பொருளை மாதம் 3,000 வீதம் 12 மாதங்களில் கட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். அதே பொருள் ரொக்கத்துக்கு 33,500 எனில் எஞ்சிய 2,500 எங்கே போகின்றது? கடன் அட்டைகளின் வட்டியில்லாத் தவணைத் திட்டங்களில், வட்டி பெரும்பாலும் பரிசீலனைக் கட்டணம் என்ற பெயரில் மறைந்திருக்கின்றது என்று 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

வியாபாரி தாமே பொருளை விற்று, தவணை விலையை ஒப்பந்தத்தின்போதே உறுதி செய்துவிட்டால் அது வியாபாரம் என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. நிதி நிறுவனம் பணத்தைக் கடனாகத் தந்து கூடுதலாகப் பெறுவதும், தாமதித்தால் அபராதம் ஏற்றுவதும் வேறு. வியாபாரத்தை ஆகுமாக்கிய இறைவன் வட்டியைத் தடுத்துள்ளான் (2:275). கையொப்பமிடுமுன் தாளைப் படியுங்கள். ஐயம் இருப்பின் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஒரு நல்ல காரியத்தை, இறைவன் தடுத்த ஒன்றைக் கொண்டா தொடங்குவது?

நாம் செய்யக்கூடியது

மாப்பிள்ளை வீட்டாரே! "ஒன்றும் வேண்டாம்" என்பதோடு நிற்காதீர்கள். "அனுப்பினாலும் ஏற்கமாட்டோம்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். அச்சொல் ஒரு தந்தையின் உறக்கத்தைத் திருப்பித் தரும். மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆண் (4:4). குடித்தனத்துக்கு வேண்டியதை அவரும் மனைவியும் தேவை எழும்போது ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளட்டும். தாய்மார்களே! சீர்ச் சாமான்களைக் கூடத்தில் அடுக்கி உறவினருக்குக் காட்டும் வழக்கத்தை உங்கள் வீட்டோடு நிறுத்துங்கள். பழுதான பொருளைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவதில் இழுக்கொன்றும் இல்லை; அண்ணலார் (ஸல்) தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டவர்கள்.

திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயத்தின் பெயர் அல்மாஊன். வாளி, சட்டி போன்று அண்டை வீட்டார் இரவல் வாங்கும் சாமான்களே மாஊன் என்பது நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் விளக்கம். அவற்றைக் கொடுக்க மறுப்பவர்களை அவ்வத்தியாயத்தின் இறுதி வசனம் கண்டிக்கின்றது. நம் அடுக்களையில் என்னென்ன இருக்கின்றன என்று ஊரார் பார்க்கின்றனர். அவற்றுள் எது அடுத்த வீட்டாருக்குப் பயன்பட்டது என்று இறைவன் பார்க்கின்றான். பட்டியல் எழுதப் பேனாவை எடுக்குமுன் இதனைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.