கக்கூஸ் கட்டினால் குழந்தை வளருமா?

வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தையைப் பார்த்தால் 'அப்பா அம்மா குட்டை, அதான்' என்று சொல்லிவிடுகிறோம். ஒரு குழந்தைக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் நல்ல சாப்பாடும் சுகாதாரமும் கிடைத்த குழந்தைகளில், உலக சுகாதார நிறுவனத்தின் கோட்டுக்குக் கீழே வருவது நூற்றுக்கு இரண்டு பேர்தான். அதுவே முப்பதைத் தாண்டினால் மரபணுவைக் குறை சொல்ல முடியாது.

ஜிம்பாப்வே கிராமங்களை எடுத்துக்கொள்வோம். மானாவாரி மக்காச்சோளம்தான் அங்கே பிரதானம். முக்கியச் சாப்பாடு சட்ஸா, அதாவது மக்காச்சோளக் களி. வயிறு நிரம்பும், புரதமும் துத்தநாகமும் போதாது. அறுவடைக்கு முந்தைய ஜனவரி முதல் மார்ச் வரை அந்தக் களிக்கும் தட்டுப்பாடு.

இன்னொரு சந்தேகம் முற்றத்தின் மேல். கோழி மேயும் மண்ணில் தவழும் குழந்தை, அந்த மண்ணையும் எச்சத்தையும் வாயில் போடுகிறது. வயிற்றுப்போக்கே வராமல்கூட குடலின் உட்சுவர் சேதமாகலாம். அப்புறம் சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. இருக்கும் சத்தும் கிருமியோடு போராடவே செலவாகிவிடும். 2009-ல் ஜீன் ஹம்ஃப்ரி லான்செட்டில் முன்வைத்த கருதுகோள் இது.

அவர் தலைமையில் ஷுருக்வி, சிருமன்சு மாவட்டங்களில் 5,280 கர்ப்பிணிகளைச் சேர்த்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கழிப்பறை, கைகழுவும் வசதி, குளோரின், குழந்தை விளையாடத் தடுப்புப் பாய். இன்னொரு பகுதியினருக்கு ஊட்டும் முறை பற்றிய ஆலோசனையும், ஆறு மாதத்திலிருந்து தினம் 20 கிராம் சத்துப்பசையும். மூன்றாவது பகுதிக்கு இரண்டும். நான்காவதுக்கு இரண்டும் இல்லை.

2019-ல் முடிவு வந்தது. கழிப்பறையால் உயரம் கூடவில்லை. எச்ஐவி இல்லாத தாய்மாரின் குழந்தைகளில், உணவு உதவி பெறாதவர்களில் 35% பேர் ஒன்றரை வயதில் குட்டையாக இருந்தார்கள், பெற்றவர்களில் 27%. வங்கதேசத்திலும் கென்யாவிலும் நடந்த சோதனைகளும் இதையேதான் காட்டின. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தும் உயரம் கூடவில்லை.

அப்போ கழிப்பறை வேண்டாமா? அப்படி இல்லை. குழிக் கழிப்பறை மனிதக் கழிவை மட்டும்தான் அடைக்கும். கோழி முற்றத்தில்தானே இருக்கிறது! கோழியே கூடாது என்றும் சொல்ல முடியாது. எத்தியோப்பியத் தரவுகளில் கோழி வளர்க்கும் வீட்டுக் குழந்தைகள் சற்று உயரம். ராத்திரி கோழியை வீட்டுக்குள் அடைக்கும் வீடுகளில் நிலைமை தலைகீழ்.

என்னை உறுத்துவது அந்த 27%. ஆலோசனையும் கேட்டு, சத்துப்பசையும் ஊட்டிய வீடுகள் அவை. கர்ப்பத்தில் தாய்க்குக் கிடைக்காத சாப்பாட்டைப் பிறகு ஒரு பொட்டலம் முழுசாக ஈடுகட்டாது. 'நீ சரியா ஊட்டலை' என்று அந்தத் தாயிடம் சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.