வெயில் எட்டாத வீட்டில் நாற்று: எந்த விளக்கை வாங்குவது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழையும் மண்சரிவும் மாத்தளை மாவட்டத்திலும் பல குடும்பங்களை வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேற வைத்தன. நிலம் போனாலும் பயிர் செய்த கை சும்மா இருக்க விரும்புவதில்லை. ஒரு ரெஜிபோம் பெட்டி, கறுப்புப் பொலித்தீன், தண்ணீரில் கரைக்கும் அல்பேட் கலவை இருந்தால் மண் இல்லாமலே கீரையும் சலாதும் வளர்க்கலாம். ஆனால் அறைக்குள் வளர்ப்பதானால் வெளிச்சத்தை விலைக்கு வாங்க வேண்டும். அதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

முதலில் வெயிலைத் தேடுவோம்

நடுப்பகல் வெயிலின் அளவு ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். நமக்குப் போதிய வெளிச்சமாகத் தெரியும் அறைக்குள் சில நூறு லக்ஸ் மட்டுமே உண்டு. கண் பழகிக்கொள்ளும், செடி பழகிக்கொள்ளாது, வெளிறி நெடுத்துச் சாயும். ஆகவே கூரை ஓரத்திலோ வாசலிலோ தினமும் நாலைந்து மணி நேரம் வெயில் விழுமானால் பெட்டியை அங்கே வையுங்கள். விளக்கே வேண்டாம்.

எந்த விளக்கு?

செடி பெரும்பாலும் சிவப்பு, நீல ஒளியைக் கொண்டே உணவு தயாரிக்கிறது. ஊதா விளக்குகள் விற்பனைக்கு வந்த காரணம் இதுவே. ஆனால் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கிலும் அந்த இரண்டு ஒளியும் இருக்கின்றன. வெள்ளை ஒளியில் இலையின் நோயையும் பூச்சியையும் கண்டுகொள்வதும் எளிது. பழைய இழை மின்குமிழ் வேண்டாம். அது பெரும்பாலும் சூட்டையே தருகிறது.

பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணை நம்பி நாமும் ஒருமுறை ஏமாந்தோம். '1000 வாட்' என்று எழுதிய ஊதா விளக்கை மட்டும் 10 மணி நேரம் எரியவிட்டு மின்மானியைப் பார்த்தோம். ஓடியது ஓர் அலகுதான். அதாவது 100 வாட். எனவே உண்மையில் எத்தனை வாட் இழுக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

நாலு அடி நீளமான 18 வாட் எல்.ஈ.டி. ரியூப் இரண்டு, ஓரடி அகலமான நாற்றுத் தட்டுக்குப் போதும். சலாது முற்ற வேண்டுமானால் நான்கு தேவை. இலைக்கு மேலே அரையடி உயரத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்துங்கள். தூரம் கூடக் கூட ஒளி வேகமாகக் குறையும். சுற்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டினால் சிதறும் ஒளி திரும்பி வரும். நாளொன்றுக்கு 14 மணி நேரம் போதும். செடிக்கும் இரவு வேண்டும்.

மின்கட்டணக் கணக்கு

இரண்டு ரியூப் 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு அரை அலகு, மாதத்துக்கு 15 அலகு. நான்கு என்றால் 30. வீட்டு மின்கட்டணத்தில் 60 அலகு ஓர் எல்லை. அதைத் தாண்டினால் முதல் அலகுகளுக்கும் விலை கூடும். நிலையான கட்டணமும் கூடும். மாதம் 50 அலகு பாவிக்கும் வீடு இரண்டு ரியூப்பிலேயே எல்லையைத் தாண்டிவிடும். உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் விளக்கைப் பொருத்த முன்னரே வீட்டுக்காரருடன் பேசிக்கொள்வது நல்லது. பின்னர் மனக்கசப்பு வேண்டாம்.

கவனம்

தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடம் இது. பிளக் பொயின்ற் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் இதைச் செய்ய வேண்டாம். ஈரக் கையால் ஆளியைத் தொடாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

எதற்குப் பயன்படுத்துவது?

தக்காளி, மிளகாய் காய்க்கும்வரை விளக்கில் வளர்ப்பது கட்டுப்படியாகாது. ஆனால் அவற்றின் நாற்றை முதல் இரண்டு மூன்று வாரம் விளக்கின் கீழ் வளர்த்து, பின்னர் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி வெளியே வைக்கலாம். செலவு சிறிது, பலன் பெரிது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் ஆலோசனை கேளுங்கள்.

இழந்த தோட்டத்தை ஒரு விளக்கு திருப்பித் தராது. ஆனாலும் நாளை ஒரு துண்டு நிலம் கிடைக்கும்போது நடுவதற்கு நாற்று நம் கையில் இருக்கும்.