தகரப் பெட்டியில் காந்தி தலை

சென்ற மாதம் கூடுவாஞ்சேரியில் நமது நண்பர் ஒருவரின் இல்லத்துக்குப் போயிருந்தோம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். கூடத்தில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்திருந்தார். பெட்டி நிறைய அவருடைய தகப்பனாருக்கு வந்த பழைய கடிதங்கள்.

"வாருங்கள், வாருங்கள்! காந்தி தபால் தலை லட்சக்கணக்கில் போகிறதாமே? பேத்தியின் காலேஜ் சம்பளத்துக்கு வழி பிறந்துவிட்டது" என்றார்.

லட்சக்கணக்கில் போனது வாஸ்தவந்தான். ஆனால் எந்தத் தலை என்பதல்லவா கேள்வி?

மகாத்மா மறைந்த 1948-ம் வருஷம், ஆகஸ்டு 15-ந் தேதி, 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய் ஆகிய நான்கு தலைகள் வெளியாயின. கதரே உயிரென்று வாழ்ந்தவரின் உருவம் ஸ்விட்ஜர்லாந்தில் அச்சாகி வந்தது ஒரு விநோதம்! பத்து ரூபாய்த் தலையில் 100 பிரதிகளில் மட்டும் 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டு, அப்போது கவர்னர் ஜெனரலாயிருந்த ராஜாஜியின் காரியாலயத்துக்காக ஒதுக்கினார்கள். அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு வரிசைதான் 2017-ல் 5 லட்சம் பவுனுக்கு விலை போயிற்று. 1½ அணாத் தலையோ உள்நாட்டுக் கடிதங்களில் ஏறி வீடுதோறும் வந்து சேர்ந்தது. அதற்கு இன்று கிடைப்பது சொற்பமே.

அமெரிக்காவிலும் இதே கதை. 'பேஸ்பால்' என்னும் பந்தாட்டக்காரர்களின் படச் சீட்டுகளை அங்கே சிகரெட் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். ஹோனஸ் வாக்னர் என்பவரின் 1909-ம் வருஷத்துச் சீட்டு ஒன்று 2022-ல் 72 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அதே வரிசையைச் சேர்ந்த சாமானிய ஆட்டக்காரர்களின் கசங்கிய சீட்டுகளுக்கு நூறு டாலர் கிடைத்தாலே பெரிது. பழமை வேறு, அருமை வேறு என்பதைப் பரண்களைத் துழாவும் நம்மவர்கள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

பெரியவரின் முகம் வாடிவிட்டது. நமக்கும் சங்கடமாயிருந்தது. ஆயினும் கத்தரிக்கோலை முதலில் வாங்கிக் கீழே வைத்தோம். வெட்டியெடுத்த சாமானியத் தலை எங்கும் கிடைக்கும். முத்திரையும் விலாசமும் அழியாத முழு உறையைத்தான் சேகரிப்போர் தேடுகிறார்கள். அவர் ஏற்கெனவே ஏழு உறைகளை நறுக்கியிருந்தார்!

சம்பளம் கட்டும் நாளுக்கு இன்னும் பத்துத் தினங்கள் இருந்தன. சங்கத்தில் கடன் கேட்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில், பேத்தி நறுக்குண்ட உறையொன்றிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

"தாத்தா, இதிலே நீங்கள் பிறந்த செய்தி எழுதியிருக்கிறதே!" என்றாள்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தேடலானார்.